நெடுந்தூர ட்ரையத்லான் முகாம்: முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்

முகாமுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, விடுப்பும் சொல்லியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடைய முதல் முகாமில் இரண்டாம் நாள் மதியமே என் கதை முடிந்துவிட்டது. அதற்கு உடம்பைக் குறை சொல்ல முடியாது, ரோஷம்தான் காரணம். முதல் நாள் ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போன ஒருவரை விடக்கூடாது என்று நாற்பது நிமிடம் துரத்தினேன், பிடித்தும் விட்டேன். மறுநாள் அவர் சாவகாசமாக 120 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார், நான் பின்னால் வந்த உதவி வண்டியில் சைக்கிளோடு உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே ஒரே கணக்கில்தான் வந்து நிற்கும். கடைசி நாள் பயிற்சியை, முதல் நாள் செய்த அதே தரத்தில் செய்து முடிக்க வேண்டும். அது நடந்தால் முகாம் உருப்படியாகப் போனது என்று அர்த்தம். நடுவில் யார் யாரை முந்தினார்கள் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசைப் பேச்சு.

முதலில் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு தூரம் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அரை தூரம் இதில் சரிபாதி. பெரும்பாலான முழு தூரப் பந்தயங்களில் 17 மணி நேரம் வரை கெடு உண்டு. இவ்வளவு நேரம் நீடிக்கிற பந்தயத்தில் உங்கள் உச்ச வேகம் என்ன என்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை, களைத்துப்போன பிறகும் எவ்வளவு ஒழுங்காக நகர்கிறீர்கள் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் நீண்ட பயிற்சி செய்கிறோம், அடுத்த நாள் ஓய்வெடுக்கிறோம். முகாமில் களைப்பின் மேல் களைப்பு ஏறும், அந்தக் களைப்போடு மறுநாளும் கிளம்ப வேண்டியிருக்கும். நாம் அங்கே போவதே இதற்காகத்தான்.

எப்போது போவது, எவ்வளவு செய்வது

பந்தயத்துக்கு ஐந்து முதல் எட்டு வாரம் முன்னால் முகாம் அமைந்தால் நல்லது. அதைவிட நெருங்கினால், களைப்பு இறங்குவதற்குள் பந்தயத்துக்கு முந்தைய ஓய்வு வாரங்கள் வந்துவிடும், முகாமில் போட்ட உழைப்பு உடம்பில் ஒட்டுவதற்கு நேரம் இருக்காது. மூன்று நாள் முகாமா ஏழு நாள் முகாமா என்று கேட்டால், முதல் முறை போகிறவர் நான்கைந்து நாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

அளவைப் பொறுத்தவரை, நீங்கள் வழக்கமாக வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சி செய்பவர் என்றால் முகாம் வாரத்தில் பதினைந்து, மிஞ்சிப்போனால் பதினெட்டு. முகாம் அட்டவணையில் 28 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்றால், போட்டிருக்கட்டும். பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவாகப் போட்ட அட்டவணை அது, அதில் உங்களுக்கு எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கோச்சிடம் முதல் நாளே போய், "நான் இந்த இரண்டு பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல கோச் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று நான்கு நாள் லேசாக இருக்கட்டும். முகாமுக்குத் தயாராகிறேன் பேர்வழி என்று அதற்கு முந்தைய வாரமே உடம்பைப் பிழிந்துவிட்டுப் பிழிந்த துணியாக வந்து இறங்குகிறவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இன்னொன்று, அளவுத் தேர்வுகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நீச்சலுக்கு 400 மீட்டரும் 200 மீட்டரும் தனித்தனியாக, நடுவில் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு, முழு வேகத்தில் நீந்தி நேரம் எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால், உங்களால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய நூறு மீட்டர் வேகம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 400 மீட்டருக்கு 8 நிமிடம், 200 மீட்டருக்கு 3 நிமிடம் 48 விநாடி என்றால் வித்தியாசம் 252 விநாடி, அதில் பாதி 126, அதாவது நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 6 விநாடி. சைக்கிளில் பவர் மீட்டர் (மிதிக்கிற சக்தியை வாட்டில் காட்டும் கருவி) இருந்தால் 20 நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி, சராசரி வாட்டை 0.95 ஆல் பெருக்குங்கள், அதுதான் உங்கள் எஃப்டிபி, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி. சில முகாம்களில் இந்தத் தேர்வையே முதல் நாள் காலையில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணக் களைப்போடு ஒரு முழு முயற்சி, அதுவும் மற்றவர்கள் பார்க்க! வருகிற எண்ணும் சரியாக இருக்காது, கால்களும் காலி.

சைக்கிளைத் தயார் செய்வது

சர்வீஸுக்கு இரண்டு வாரம் முன்னால் விடுங்கள். முந்தின நாள் விட்டால், புதிதாகப் போட்ட கேபிள் தளர்ந்து கியர் தாவுகிற தொல்லையை முகாமில்தான் கண்டுபிடிப்பீர்கள். செயின், பிரேக் கட்டை, டயர் மூன்றையும் பாருங்கள், டயரில் சின்ன வெட்டு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பின்பக்கக் கியர் தொங்குகிற சின்ன உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது, ஹேங்கர் என்பார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு மாதிரி, பயணத்தில் முதலில் வளைவதும் அதுதான், போன இடத்தில் கிடைப்பதும் அரிது. உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சீட் கம்பியைக் கழற்றும் முன் அது எந்த உயரத்தில் இருந்தது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் மாறினாலும் நான்காம் நாள் முழங்கால் சொல்லிவிடும்.

பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் தெரியாமல் வராதீர்கள். வீட்டில் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள், நாலைந்து முறை.

புதிய ஷூ, புதிய சீட், புதிய ஷார்ட்ஸ் எதுவும் முகாமுக்கு வேண்டாம். தினமும் நான்கைந்து மணி நேரம் உட்காரப் போகிறீர்கள், உட்காரும் இடத்தில் வருகிற சின்னக் கொப்புளம் மூன்றாம் நாள் பெரிய பிரச்சினையாகிவிடும். அதற்கான க்ரீமைத் தினமும் தடவுங்கள், ஓட்டி முடித்தவுடன் ஈர ஷார்ட்ஸைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள். அதே ஷார்ட்ஸோடு ஒரு மணி நேரம் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் கொப்புளம் நிச்சயம்.

நீச்சல்

நீச்சல் குளத்தின் அடியில் கோடு இருக்கிறது, ஏரி, கடல் மாதிரித் திறந்த நீரில் அது இல்லை. அதனால் தலையைத் தூக்கித் திசை பார்ப்பதுதான் முகாம் நீச்சலில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம். தலை முழுக்க வெளியே வரக்கூடாது, வந்தால் இடுப்பு கீழே இறங்கி வேகம் போய்விடும். கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வரட்டும், முதலை பார்ப்பதுபோல. பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் திரும்பி எடுங்கள். ஆறிலிருந்து பத்துக் கை வீச்சுக்கு ஒரு முறை போதும். மிதவைக்குப் பின்னால் கரையில் தெரிகிற உயரமான மரமோ கட்டடமோ ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டால், அலை இருக்கும்போது சின்ன மிதவையைத் தேடித் தவிக்க வேண்டாம்.

சைக்கிளில் அடுத்தவர் பின்னால் ஒட்டி ஓட்டுவது இந்தப் பந்தயங்களில் தவறு, நீச்சலில் தவறில்லை. முன்னால் நீந்துபவரின் கால் குமிழிகளுக்குப் பின்னால், அல்லது அவர் இடுப்புக்குப் பக்கத்தில் நீந்தினால் உழைப்பு நன்றாகவே குறையும். இதைப் பழகக் கூட்டம் வேண்டும், முகாமில் கூட்டம் இருக்கிறது. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் போகும்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கால் மேல் கை படும், முகத்தில் தண்ணீர் அடிக்கும், ஒரு முறையாவது நீச்சல் கண்ணாடி கழன்று போகும். அதெல்லாம் இங்கேயே நடந்து முடியட்டும்.

பயம் வந்தால், அனுபவசாலிகளுக்கும் வரும், மல்லாந்து திரும்பி மிதந்துகொண்டு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வெட்சூட், அதாவது நீச்சலுக்குப் போடும் இறுக்கமான ரப்பர் உடை, உங்களை மிதக்க வைக்கும். ஆனால் மூச்சு அடங்காமல் இருமல் வந்து, நுரையோ இளஞ்சிவப்பு நிறச் சளியோ வந்தால் அதைப் பயம் என்று ஒதுக்காதீர்கள், நுரையீரலில் நீர் கோக்கிறது. உடனே கையைத் தூக்கி உதவி கேட்டு வெளியேறுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். தனியாக யாரும் நீந்தக்கூடாது, பளிச்சென்ற தொப்பி போடாமல் இறங்கக்கூடாது, இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

வெட்சூட்டோடும் இல்லாமலும் நீந்திப் பழகுங்கள். இந்த நெடுந்தூரப் பந்தயங்களை நடத்துகிற அயர்ன்மேன் அமைப்பின் விதிகளின்படி தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட் போட்டவர்களுக்கு வயதுப் பிரிவுப் பரிசுகளில் இடம் கிடையாது. வெட்சூட்டை மட்டுமே நம்பிப் போய்ப் பந்தயக் காலையில் தண்ணீர் வெப்பத்தைக் கேட்டு முகம் வெளுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள்: இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறோம்

முழு தூரப் பந்தயத்தில் சராசரி ஆள் ஓட்ட வேண்டியது எஃப்டிபியில் ஏறக்குறைய 65 முதல் 75 சதவீதம். எஃப்டிபி 200 என்றால் 130 முதல் 150 வாட். கேட்கும்போது இவ்வளவுதானா என்றிருக்கும். கூட்டத்தோடு ஒரு ஏற்றத்தில் ஏறுங்கள், உங்களுக்கே தெரியாமல் 220 வந்திருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வருவீர்கள். கும்பலோடு கோவிந்தா போட்டதற்கான விலையை மாலை ஓட்டத்தில் கட்ட வேண்டும். பவர் மீட்டர் இல்லையா, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான்.

நான் வைத்திருக்கும் விதி இது: முகாமில் ஒரே ஒரு நாள் மட்டும் ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்துவேன், அதுவும் இரண்டாம் பாதியில். மற்ற நாட்களில் ஏற்றத்தில் என்னை யார் வேண்டுமானாலும் முந்தலாம். சிறிய கியரைப் போட்டு, கால் சுழற்சி நிமிடத்துக்கு எண்பதுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயேதான் நிற்பார்கள்.

ஏரோ பாரில், அதாவது முழங்கையை ஊன்றிக் காற்றுக்குக் குனிய வைக்கிற முன்கம்பியில், படுத்து ஓட்டுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பந்தயத்தில் ஐந்தாறு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும், கழுத்தும் கீழ் முதுகும் அதற்குப் பழக வேண்டும். இருபது நிமிடம் படுத்து, இரண்டு நிமிடம் நிமிர்ந்து என்று தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கூட்டமாகப் போகும்போது ஏரோ பாரில் கை வைக்காதீர்கள், பிரேக் உங்கள் விரலுக்கு எட்டாது. நீங்கள் மட்டும் விழுந்தால் பரவாயில்லை, பின்னால் ஆறு பேர் வருகிறார்கள். குழிக்கும் கல்லுக்கும் கை காட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். கடைசி நாளுக்குள் ஒரு பகுதியையாவது முன்னால் இருப்பவரிடமிருந்து 12 மீட்டர் தள்ளி ஓட்டிப் பாருங்கள். பந்தயங்களில் வழக்கமாகக் கேட்கிற இடைவெளி அது, கண்ணால் பார்த்தால் நினைத்ததைவிடத் தூரமாக இருக்கும்.

ஓட்டம்

இதைக் குறைத்தே வையுங்கள். மூன்றிலும் அதிகமாகக் காயம் தருவது ஓட்டம்தான், முகாமில் ஓட்ட தூரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்கிவிட்டுத் திரும்பி வந்து ஆறு வாரம் நொண்டுவதில் பயன் இல்லை. சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓடுகிற பயிற்சியைத்தான், பிரிக் என்பார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது முப்பது நிமிடம் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் கால் இரண்டும் யாரோ கடன் கொடுத்த கட்டைகள் மாதிரி இருக்கும். விசித்திரம் என்னவென்றால், அந்த நேரத்தில் நிதானமாக ஓடுவதாகத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்தால் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கப் பழகுங்கள். ஒரே ஒரு நீண்ட ஓட்டம் போதும், அதுவும் இரண்டு இரண்டரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர்

1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஓட்டம் தொடங்கும்போது முன்னால் இருந்தவர் ஜான் டன்பர். வழியில் அவருடைய உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், அவருக்கு பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் அவரைத் தாண்டி 11 மணி 46 நிமிடத்தில் வென்றார். இன்றைக்கு யாரும் பீர் கொடுக்க மாட்டார்கள், ஆனால் ஓட்டத்தில் வயிறும் தண்ணீரும் காலை வாரிவிடுகிற கதை மட்டும் மாறவே இல்லை.

தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை இருப்பு, கிளைகோஜன் என்பார்கள், சுமார் 2000 கலோரிக்குத்தான் வரும். பந்தயம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். கொழுப்பு ஒரு பகுதியைக் கொடுக்கும், மீதியை வழியில் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது இலக்கு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் நிறுத்திவிடும், ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது, அதனால்தான் இரண்டும் கலந்த பானங்களையும் ஜெல்களையும் விற்கிறார்கள். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழக்கமில்லாதவர் முதல் நாளே 90 கிராம் போட்டால் வயிறு உப்பி வாந்தி வரும். குடலுக்கும் பயிற்சி வேண்டும். முதல் நாள் 50, பிறகு 60, 70 என்று ஏற்றுங்கள். பசித்த பிறகு சாப்பிடாமல், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தில் மணி அடிக்க வைத்துச் சாப்பிடுங்கள். முகாமில் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தால்கூடப் பணம் வசூல் என்பேன்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். ஓட்டும் முன் ஆடையில்லாமல் எடை பாருங்கள், ஓட்டி முடித்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்து, நடுவில் ஒரு லிட்டர் குடித்திருந்தால், வியர்வை இரண்டு லிட்டர், அதாவது மணிக்கு ஒரு லிட்டர். இதை முழுவதும் நிரப்ப வேண்டியதில்லை, கொஞ்சம் எடை குறைவது இயல்பு. எடை கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் உயிருக்கே ஆபத்து என்று போகும். நீண்ட நேரம் வியர்க்கும்போது பானத்தில் உப்பும் இருக்கட்டும்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் 20 முதல் 30 கிராம் புரதமும் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் நாளைக் காலை மறுபடி கிளம்ப வேண்டும். முகாம் வாரத்தில் எடை குறைக்க முயல வேண்டாம், தயவுசெய்து. பெண்களுக்கு, பயிற்சி கூடிய மாதங்களில் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, உடம்புக்குப் போதிய சாப்பாடு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், கோச்சிடம் சொல்லத் தயங்கினால் மருத்துவரிடமாவது சொல்லுங்கள்.

காலையில் பார்க்க வேண்டியது

எழுந்தவுடன், படுக்கையிலேயே, நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழு எட்டு கூடியிருந்து, தூக்கமும் சரியில்லை, எரிச்சலாகவும் வருகிறது என்றால் அன்றைக்குப் பயிற்சி பாதிதான். மூன்றில் ஒன்றுதான் என்றால் சும்மா கிளம்புங்கள், பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

களைப்பு வேறு, வலி வேறு. தொடை முழுக்க வலித்தால் களைப்பு. எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சல், இவற்றோடு பயிற்சி கிடையாது. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனை.

மதியம் தூங்க முடிந்தால் தூங்குங்கள். இரவு பேச்சுக் கச்சேரி நன்றாகத்தான் இருக்கும், ஒன்பதரைக்கு எழுந்து போய்விடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஐந்திலிருந்து ஏழு நாள் லேசான பயிற்சி மட்டும். முகாம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று பார்க்கிற ஆசையில் அந்த வாரமே தேர்வு வைத்துப் பார்க்காதீர்கள், எண் குறைந்துதான் வரும், வீணாக மனசு கெட்டுப்போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு நீண்ட சைக்கிள் பயிற்சியில், அதே வாட்டில் நாடித்துடிப்பு முன்பைவிடக் கீழே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

எந்த ஜெல் ஒத்துக்கொண்டது, எந்த அளவில் வயிறு மறுத்தது, வெட்சூட் கழுத்தில் எங்கே உரசியது, இதையெல்லாம் வந்த அன்றைக்கே எழுதிவையுங்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடும். அப்புறம் வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டுவிட்டு, சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்து, சீட்டை அந்த டேப் குறிக்கு நேராக வைத்துப் பூட்டுங்கள்.